அம்மன் பேரில் நான் சொன்ன பொய்

என் மகனுக்கு, உன் அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஆனாலும் காலையில் காபி குடித்த கையோடு தறியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். நீதான் வாரம் இரண்டு தடவை ஓசூரிலிருந்து போன் செய்கிறாயே, அதில் சொல்லாமல் அம்மா எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால், "சரிம்மா, சரிம்மா, வேற கால் வருது" என்கிறாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, கோணல்மாணலாகத்தான் எழுதும். நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், பொறுமையாகப் படி. கவரை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்ததும் என் மருமகள் சுமதியிடம் கொடு. ஓரிக்கையில் இருக்கும் உன் பெரிய அத்தை கேட்டாலும் கொடு. அவள் படிக்க வேண்டிய இடமும் இதில் இருக்கிறது.

வருகிற மாசியில் தென்னேரி ஏரிக்கரையில் நம் குலதெய்வத்துக்கு என் பேத்தி ஹாசினியின் முடியை இறக்கி, அன்றைக்கே காதும் குத்துவது என்று நாள் குறித்துவிட்டாய். சமையலுக்கு ஆள், பந்தல், போட்டோக்காரர் எல்லாம் பேசிவிட்டாய். சந்தோஷம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது என் நெஞ்சிலேயே நிற்கிறது. "அம்மா, மொட்டை வேணாம்மா. பூமுடி எடுத்தா போதும், மூணு எடத்துல லேசா கத்தரிச்சா சாமி ஏத்துக்கும்னு பூசாரி சொல்றாரு. அப்புறம் அந்தப் பட்டைய ஒரு ரெண்டு மணி நேரம் கழட்டி வச்சிடலாம். சுமதி வூட்டு சைடுல நெறைய பேரு வராங்க. எல்லாரும் அதையே பாத்துக்கினு இருப்பாங்க. போட்டோலயும் அதுதான் தெரியும்." நான் "பாக்கலாம்ப்பா" என்றேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து நீ இன்னொரு தரம் உரக்கச் சொன்னாய். முதல் தரமே எனக்கு நன்றாகக் கேட்டதடா. கேட்டதால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததைத்தான் கொஞ்சம் எழுதுகிறேன், நடுவில் உனக்குத் தெரியாதது ஒன்று வரும். ஹாசினி பிறந்தபோது அவள் வலது காது மல்லிகை மொட்டு அளவுதான் இருந்தது. ஓட்டையே இல்லை. இடது காது பார்க்க லட்சணமாக இருந்தாலும் உள்ளே வழி அடைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காதின் உள்வேலை எல்லாம் நன்றாக இருக்கிறது, வாசல்தான் மூடியிருக்கிறது, எலும்பு வழியாகச் சத்தத்தை அனுப்பினால் குழந்தைக்குக் கேட்கும் என்றார். அப்படி வந்ததுதான் அந்தத் துணிப் பட்டை. தலையைச் சுற்றி ஒரு பட்டை, அதில் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு மெஷின். அது காதுக்குப் பின்னால் எலும்பைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். கழற்றினால் அவளுக்கு உலகம் கதவைச் சாத்திக்கொள்கிறது. மாட்டினால் திறக்கிறது. இதை உன்னைவிட நன்றாக யார் அறிவார்? ராத்திரி பகல் பாராமல் அதற்கு பேட்டரி மாற்றியவன் நீ.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அவளைத் தொட்டிலில் போட்ட நாளில் வீடு கொள்ளாத கூட்டம். உன் ஓரிக்கை அத்தை ஜன்னல் ஓரமாக நின்று தன் மகளிடம் ஏதோ சொன்னாள். நான் அறையின் இந்தக் கோடியில் தாம்பூலத் தட்டோடு நின்றேன். என் காதுக்கு எட்டாது என்ற தைரியம் அவளுக்கு. காது கேட்காதவள் உதட்டைப் படிப்பாள் என்பது இத்தனை வருஷம் என்னோடு பழகியும் அவளுக்கு உறைக்கவில்லை. முதுகைக் காட்டி நின்றிருந்தால் தப்பித்திருப்பாள். வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. "மூளியா பொறந்திருக்குது பாரு. மொட்டை அடிக்கிற அன்னிக்கி ஊரே பாக்கப்போவுது." இதுதான் அவள் சொன்னது. ஒரு எழுத்து கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் சேலை, பச்சைக் கரை. உன் அப்பா நெய்ததுதான்.

தட்டை அங்கேயே வைத்துவிட்டு நடுக்கூடத்துக்கு வந்தேன். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "ஏழு வயசு வரைக்கும் என் பேத்தி தலையில கத்தி படக் கூடாதுன்னு அம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கேன். அதுக்கு முன்ன யாரும் மொட்டை, காது குத்துன்னு பேச்சு எடுக்காதீங்க." வேண்டுதல் என்றால் நம் ஜனங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நீயும் பேசவில்லை. சுமதியின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்கள். குமார், அப்படி ஒரு வேண்டுதலே கிடையாது. நான் அம்மனிடம் எதுவும் வேண்டவில்லை. முடி வளர்ந்தால் அந்தக் காது மறையும், ஏழு வருஷத்துக்கு ஓரிக்கைக்காரியின் வாய்க்குத் தீனி கிடைக்காது, அவ்வளவுதான் கணக்கு. சாமி பேரைச் சொல்லி உங்கள் எல்லோரையும் ஏமாற்றினேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தினமும் சோறு போட வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு ஒரு வயதில் முடி காதை மூடவில்லை, தொப்பி போட்டேன். இரண்டு வயதில் பட்டை வந்தது, பட்டைக்கு மேல் முடியை இழுத்துவிட்டு ஊக்கு குத்தினேன். நீங்கள் லீவுக்கு வரும்போதெல்லாம் கனகாம்பரத்தை வலது பக்கமே தொங்குமாறு வைத்துவிட்டது அழகுக்கு என்றுதான் சுமதி நினைத்திருப்பாள். முடி மெஷின் மேல் உரசும்போது கரகரவென்று சத்தம் வரும் என்று குழந்தை தலையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். நான் "அழகா இருக்குது, பேசாம இரு" என்பேன். மறைக்க வேண்டிய ஒன்று தன் தலையில் இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது ஊர் இல்லை, நான். நீ இன்றைக்குப் பட்டையைக் கழற்றலாம் என்கிறாய் என்றால் அது என் வீட்டில் என்னிடம் கற்றது. அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. சொல்ல மட்டும் வாய் இருக்கிறது.

என் காது கதை உனக்குப் பாதி தெரியும். எட்டு வயதில் காது வலி என்று அழுதேன். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்கள். அன்றிலிருந்து சீழ். இரண்டு காதும் மாறி மாறி வடியும். பள்ளிக்கூடத்தில் பொடி போடும் வாத்தியார் ஒருவர் இருந்தார். நாற்றம் அடிக்கிறது என்று என்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் ஏற்கெனவே பாதி கேட்பதும் கேட்காது. கேள்வி கேட்பார், விழிப்பேன், பிரம்பு விழும். அஞ்சாவதோடு நின்றேன். அவர் செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆகிறது என்று சொல்கிறார்கள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. பெரியவளானபின் ஒரு ஆபரேஷன் செய்தார்கள், சீழ் குறைந்தது, கேட்பது வரவில்லை. காதுக்குள் வைக்கும் மெஷினை நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாயே, பத்து நாளில் மறுபடியும் வடிந்து அது அடைத்துக்கொண்டது. வாங்கிக் கொடுத்ததை அம்மா போடவில்லை என்று உனக்குக் கோபம். போட்டால் காதுக்குள் தண்ணீர்த் துணியை அடைத்த மாதிரி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது என் செவிட்டுத்தனம் ஆறு மாதம் யாருக்கும் தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் தப்பித்தேன். கண்டுபிடித்தது உன் அப்பா. கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் அல்லவா? அவர் நடுவில் உட்கார்ந்து உடலை நெய்வார், நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு உண்டான நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். அவர் சொல்லும் நொடியில் தள்ளாவிட்டால் கரை பிசகும். மூன்று தடவை பிசகியது. மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் அசதியில் தறியின் குறுக்குக் கட்டையில் மோவாயை வைத்திருந்தபோது, விரல் முட்டியால் அந்தக் கட்டையை ஒரு தட்டு தட்டினார். என் தலைக்குள் மணி அடித்த மாதிரி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சிரித்தார். அன்றிலிருந்து ஒரு தட்டு என்றால் தள்ளு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. நாற்பது வருஷம் மோவாயைக் கட்டையில் வைத்தே நெய்தேன். "இது இன்னாடி தூங்கிக்கினே நாடா போடுறா" என்று உன் ஓரிக்கை அத்தை கேலி செய்தாள், அதுவும் நினைவில் இருக்கிறது. பெரிய டாக்டர்கள் பின்னால் எனக்கு விளக்கியதை உன் அப்பா ஒரு தட்டில் கண்டுபிடித்திருந்தார். அதை இன்று வரை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால் கத்தாதே, அவருக்கு எந்த வழியில் கேட்கும் என்று தேடு. இதை உன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்.

ஹாசினிக்குப் பட்டை அளவு பார்க்கச் சென்னைக்குப் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காது பரிசோதனை செய்யும் அந்தச் சின்னப் பெண், நான் அவள் உதட்டையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஆயா, நீங்க சும்மா ஒருதரம் வச்சிப் பாருங்களேன்" என்று அந்த மெஷினை என் காதுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தாள். முதலில் கேட்டது குழந்தை கையில் இருந்த பிஸ்கட் கவரின் சரசரப்பு. பிறகு எனக்குப் பின்னால் நின்று நீ சுமதியிடம், "அம்மாவுக்கு கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்டது. "கேக்குதுப்பா" என்றேன், திரும்பாமல். உன் முகத்தைப் பார்க்காமல் உனக்கு நான் பதில் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நீ ஏன் வெளியே போய் நின்றாய் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

அப்படியும் மூன்று வருஷம் ஆபரேஷனுக்கு மாட்டேன் என்றேன். இந்த வயதில் மண்டையில் துளை போடுவார்களா என்று பயம். கடைசியில் ஒத்துக்கொண்டேன். அந்தக் காலை நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆபரேஷன் அறைக்குள் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்கள். எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்கள். எனக்கு உதடுதானே காது? ஒரு உதடும் தெரியவில்லை. ஆறேழு ஜோடிக் கண்கள் மட்டும் மேலே நின்றன. யாரோ என் தலையைத் திருப்புகிறார்கள், யாரோ கையைப் பிடித்து நீட்டுகிறார்கள், எதற்கு என்று தெரியாது. ஆரம்பிக்கப் போகிறார்களா, ஆரம்பித்துவிட்டார்களா, தெரியாது. அறுபத்தெட்டு வயதுக்காரி சின்னக் குழந்தை மாதிரி நடுங்கினேன். ஒரு நர்ஸ் மட்டும் புரிந்துகொண்டு, ஊசி போடுவதற்கு முன்னால் என் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினாள். உன் அப்பா தட்டுகிற மாதிரியே. பிறகுதான் மூச்சு வந்தது. குமார், கத்தியும் ஊசியும் கிட்டே வருகிற நேரத்தில் ஒருத்திக்கு எதுவும் கேட்காமல் இருப்பது எப்படி என்று நம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீ ஹாசினிக்கு அதைச் செய்யப் பார்க்கிறாய். வேண்டுமென்று இல்லை, போட்டோவுக்காக.

புண் ஆறி ஒரு மாதம் கழித்து மெஷினை வைத்தார்கள். தோலுக்குக் கீழே எலும்பில் ஒன்று, தோலுக்கு மேலே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மெஷின் ஒன்று. குறையைச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் காற்று அடித்தால் இரைச்சல். கருட சேவைக் கூட்டத்தில் எல்லாக் குரலும் ஒன்றாகக் குழைந்துவிடும். முதல் வாரம் காந்தம் அழுத்தி அந்த இடம் சிவந்துபோனது, போய் இழுப்பு குறைந்த காந்தம் மாற்றி வந்தேன். குளிக்கும்போது கழற்ற வேண்டும். ஒரு நாள் பீரோவில் சேலை எடுக்கக் குனிந்தபோது மெஷின் என் தலையை விட்டுப் பீரோக் கதவில் போய் ஒட்டிக்கொண்டது. ஹாசினி அதைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தாள். "ஆயா, பீரோவுக்கும் காது கேக்காதா?" என்றாள்.

ஆனால் மற்றதை என்னவென்று எழுதுவேன்? குக்கர் எத்தனை விசில் என்று நானே எண்ணுகிறேன். பக்கத்து வீட்டு பாய் பைக்கை நிறுத்தும்போதே தெரிகிறது. அதற்குப் பிறகு பால்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதும் இல்லை, நான் பால் இல்லாமல் நின்றதும் இல்லை. உன் அப்பா நெய்துகொண்டே வாய்க்குள் பாடுகிறார் என்பது ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. சுருதி சேரவில்லை, ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. முக்கியமாக ஒன்று. நாலு பேர் பேசிச் சிரிக்கும் இடத்தில் நான் தாமதமாகச் சிரிப்பதில்லை. இத்தனை வருஷமும் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வராவிட்டால் சிரிப்பதில்லை. அதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது தெரியுமா?

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை காது பரிசோதனை செய்யும் அந்தப் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். என் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளந்து பார்ப்பதற்காம். "நாலு பேர் பேசற எடத்துல ஒதுக்கி வச்ச மாதிரி உங்களுக்குத் தோணியிருக்கா? எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்லவே இல்ல. எதும்மா?"

"யார் யாரு, எந்த எடத்துலன்னு பேரோட சொல்லட்டுமா?" என்றேன்.

"பேர் வேணாம் ஆயா. டிக் போட்டா போதும்."

"அத்தனையும் ஒரு டிக்குல எப்படிம்மா அடங்கும்?"

அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். கடைசியில், உங்கள் வாழ்க்கைக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டாள். முதல் தடவை முப்பத்தைந்து போட்டேன், பாஸ் ஆனால் போதும் என்று. இரண்டாம் தடவை எண்பது போட்டேன். "மீதி இருபது எங்க போச்சு ஆயா?" என்றாள். "ஓரிக்கையில இருக்குதும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அந்தத் தாளில் ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன். "காது கேக்காததால கூட்டத்துக்கு, விசேஷத்துக்கு எங்கயாவது போகாம இருந்திருக்கீங்களா?" நீ பக்கத்தில் நின்றாய், அதனால் "இல்லவே இல்ல" என்றேன். உன் எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். நான் சேலை மாற்றி, தலை வாரி, புறப்பட்டு நின்றேன். நீ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ வராதம்மா. அப்பா வரட்டும். நீ இன்னா இன்னான்னு திரும்பத் திரும்ப கேப்ப, பசங்க சிரிப்பாங்க" என்றாய். உன் உதட்டைப் பார்த்துதான் படித்தேன். நான் உள்ளே போய் அந்தச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு உன் பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை, காலேஜ் பட்டம் வாங்கிய அன்றைக்கும் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். இதை உன்னை அழவைக்க எழுதவில்லை. நீ பதிமூன்று வயதுப் பையன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும், இனிமேல் பொய் சொல்வதாக இல்லை. நீ எனக்குச் செய்தது ஒன்று, அம்மன் பேரில் நான் உங்களுக்குச் செய்தது ஒன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டேன், போதும். ஆனால் ஹாசினி என் வயதுக்கு வந்து அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்தால், "என் காது குத்து விழாவில் என் காதைக் கழற்றி டப்பாவில் வைத்தார்கள்" என்று எந்த இடத்தில் டிக் போடுவாள்?

போன செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் பஸ் பிடித்துத் தென்னேரிக்குப் போய் வந்தோம். ஏரி தளும்பிக்கொண்டு இருக்கிறது. அம்மன் முன்னால் நின்று, உன் பேரில் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் பதில் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை, மெஷின் போட்டுத்தான் நின்றேன். அப்புறம் நிஜமாகவே ஒன்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்கு முதல் மொட்டை எனக்கு. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுவிட்டேன். "தாராளமா எடுத்துக்குங்கம்மா, அந்த எடத்துல மட்டும் கத்திய அழுத்த வேணாம்னு சொல்லுங்க" என்றார்கள். குழந்தைக்கும் கேட்டேன். இடது காதில் குத்தலாம், வலது காதை இப்போது தொட வேண்டாம், பெரியவளானதும் அவள் விரும்பினால் காது வடிவம் செய்து கொடுக்கலாம், அதற்கு அந்த மடல் வேண்டும் என்றார்கள். அதனால் அன்றைக்கு ஒரு காதில்தான் தோடு. யார் கேட்டாலும் டாக்டர் சொன்னார் என்று நேராகச் சொல். வேண்டுதல் கீண்டுதல் என்று எதையும் சேர்க்காதே.

எப்படிச் செய்வது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். நான் முதலில் மணையில் உட்காருவேன். என் மெஷினைக் கழற்றி ஹாசினி கையில் கொடுப்பேன். அவள் பட்டையோடு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கட்டும், கேட்கட்டும். என் தலையைத் துடைத்ததும் அவளே மெஷினை எடுத்து என் மொட்டையில் ஒட்டட்டும். அடுத்தது அவள். கத்தி போடும்போது பட்டையைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் மெஷின் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, நெற்றி எலும்பில் வைத்தாலும் கேட்கும். வீட்டில் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். நான் அவள் எதிரில் உட்கார்ந்து நெற்றியில் பிடித்துக்கொள்வேன், நீ பேசிக்கொண்டே இரு. இப்ப இடது பக்கம் எடுக்கிறாங்க, இப்ப தண்ணி ஊத்தப்போறாங்க என்று ஒவ்வொன்றாகச் சொல். தலையைத் துடைத்துப் பட்டையை மாட்டிய பிறகுதான் காது குத்தும் பத்தர் ஊசியை எடுக்க வேண்டும். மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும்போது, ஊசி இறங்குகிற நேரத்தில், "முடிஞ்சிடுச்சு கண்ணு, முடிஞ்சிடுச்சு" என்று அவளுடைய அப்பன் சொல்வது அவளுக்குக் கேட்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

மொட்டையா பூமுடியா என்பதை மட்டும் நானும் முடிவு செய்யவில்லை, நீயும் செய்யாதே. இன்று காலையில் சுமதி போனில் இருந்தபோது குழந்தையைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். நான் மொட்டை போடப் போவதாகச் சொன்னதும் ஒரே கூச்சல்.

"நெஜமா ஆயா? எல்லா முடியும் போயிடுமா? அப்ப மிஷின் வெளில தெரியும்ல?"

"நல்லா தெரியும் கண்ணு. உனக்கு எப்படி வேணும்? கொஞ்சமா எடுக்கலாமா, மொத்தமா எடுக்கலாமா?"

அவள் திருப்பிக் கேட்டாள். "ஆயா, முடி திரும்பி வருமா?"

"வரும்."

"காது?"

உள்ளதைச் சொன்னேன். "அது இப்படியேதான் இருக்கும்மா."

"சரி" என்றாள். அவ்வளவுதான், சரி. "அப்ப எனக்கும் மொத்தமா. முடி உரசினா கரகரன்னு கேக்குது ஆயா, சொன்னா நீங்க கேக்கவே மாட்டீங்க. அன்னிக்கு பட்டைல கனகாம்பரம் ஒட்டலாமா? இந்த பக்கம், மிஷினுக்கு பக்கத்துல." எதை மறைக்க நான் பூ வைத்தேனோ, அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அவள் பூ கேட்கிறாள். கட்டி எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நெருக்கமாகக் கட்டியதாக, நாலு முழம்.

நீ இனிமேல் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுமதியிடம் இதைப் படித்துக் காட்டு. போட்டோக்காரரிடம் சொல், ஆயாவையும் பேத்தியையும் வலது காதுப் பக்கம் தெரியும்படி நிற்க வைத்து எடுக்க வேண்டும் என்று. அப்பாவுக்கு மணைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, கால் மடக்க முடியாது. ஓரிக்கை அத்தைக்குப் பத்திரிகையை நீயே நேரில் போய்க் கொடு. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாளும் இட்லியும் கெட்டிச் சட்னியும் கொண்டுவந்தவள் அவள். அதையும் நான் மறக்கவில்லை. இட்லி வேறு, சொல் வேறு. அவளுக்கு முன் வரிசையில், என் வலது பக்கத்தில் நாற்காலி போடு, மெஷின் இருக்கிற பக்கம். அவள் என்ன சொன்னாலும் இந்தத் தடவை உதட்டைப் படிக்க வேண்டியதில்லை, சொல்லட்டும். ஹாசினியும் பக்கத்தில்தான் இருப்பாள், அவளுக்கும் கேட்கும். கேட்டுக்கொண்டே நாங்கள் இருவரும் அவளைத் திரும்பிப் பார்ப்போம். அந்த மீதி இருபது மார்க்கை அங்கேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

உன் அம்மா